அப்படி யாரும் இங்க இல்லைங்க

1

அயர்லாந்துல, டப்ளினுக்குப் பக்கத்துல நாங்க இருக்குற ஊர்ல, மழை பெய்யுதா நின்னுருச்சான்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. அப்படி ஒரு காலைலதான் எனக்கு அந்த மெயில் வந்துச்சு. நான் வேலை பாத்ததே இல்லையாம்.

முரட்டுத்தனமாச் சொல்லல. இந்த ஊர்க்காரங்க எதையும் தலையத் தடவித்தான் சொல்லுவாங்க. "அன்புள்ள முருகேசன், உங்கள் முதல் வேலையை எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. அந்த நிறுவனத்தை அழைத்தபோது, அந்தப் பெயரில் யாரும் அங்கே எப்போதும் வேலை பார்த்ததில்லை என்றார்கள். இந்த நாள் இனிதாக அமையட்டும்." கடைசி வரியத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எங்கெருந்து அமையிறது?

நம்ம ஊர்ப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு, இதுக்குப் போயி ஒருத்தன் பயப்படுவானான்னு தோணும். வெளக்கிர்றேன். இங்க நான் ஒரு மசாலாக் கம்பெனியில சரக்கோட தரம் பாக்குற ஆளா இருந்தேன். போன மாசம் வேற ஒரு கம்பெனிக்காரங்க கூப்ட்டாங்க. ஏலக்காய் தெரிஞ்ச ஆளு வேணும்னாங்க. தெரியும்னேன். வேலைக்கு வரச்சொல்லிக் கடிதாசி கொடுத்தாங்க. "உங்கள் பழைய வேலைகளைச் சரிபார்த்த பிறகு" அப்படின்னு அதுல ஒரு வரி இருந்துச்சு, அதுக்குன்னே அவங்க வச்சிருக்குற ஒரு கம்பெனிதான் இந்த மெயிலை அனுப்புனது. நான் சம்பளம் எழுதியிருந்த வரியை மட்டும்தான் படிச்சேன். படிச்ச சந்தோசத்துல மறுநாளே பழைய கம்பெனியில ராஜினாமாக் கொடுத்துட்டேன்.

வெளிநாட்டுக்காரனுக்கு இங்க வேலை பாக்குற பெர்மிட்டு கம்பெனியோட கயித்துல கட்டின ஆடு மாதிரி. அந்தக் கம்பெனியை விட்டா இந்தக் கம்பெனிக்காரன் கயிறு போடணும். நடுவுல நின்னா, ஆட்டைப் பிடிச்சுட்டுப் போக வேற ஆளுங்க வருவாங்க. நாப்பதைத் தாண்டிட்டேன், பொண்ணு பள்ளிக்கூடத்துல கடைசி வருசம், மூணு பேரும் மூட்டையைக் கட்டிட்டுப் போயி எறங்குறதுன்னா எங்க எறங்குறது?

மெயிலைப் படிச்சுட்டு எந்திரிச்சுப் போனவன், ஏற்கனவே பல்லு வெளக்குனதை மறந்துட்டு திரும்பவும் வெளக்கிட்டு வந்தேன்.

கொச்சியில வேலை பாத்தேன், அவங்க ஆமான்னு சொல்லிட்டாங்க. துபாய்ல பாத்தேன், ஒரே மெயில்ல ஆமா. மாட்டுனது மலையடிவாரத்துல, நான் மொதல்ல வேலை பாத்த போடி மட்டும்தான். நான் ஏலக்காய் கத்துக்கிட்டது அங்கதான். போடி இல்லைன்னா நான் ஏலக்காய் தெரிஞ்ச ஆளே இல்ல, டீயில போட்டுக் குடிச்ச ஆளு, அவ்வளவுதான்.

2

போடியில நான் இருந்தது ஒரு ஏலக்காய்க் கடை. முதலாளி தங்கராஜ் அண்ணே. என்னைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. காலைல எங்க ஊரு சிலமலையிலருந்து பஸ்சுல வந்து எறங்குவேன். எனக்கு அங்க ரெண்டு சோலி. ஒண்ணு, மலையிலருந்து ஜீப்புல எறங்குற காயை நெறம் பாத்து, பருமன் பாத்து, சல்லடை போட்டுப் பிரிக்கிறது. இன்னொண்ணு, போன் எடுக்குறது.

மொதச் சோலியத்தான் பயோடேட்டாவுல போட்டிருக்கேன். ஆனா நான் கெட்டிக்காரன் ரெண்டாவதுலதான்.

ஏலக்காய் யாவாரத்துல போனுக்குன்னு ஒரு மொறை உண்டு. தெரியாத குரல் ஒண்ணு கூப்ட்டு "முதலாளி இருக்காரா"ன்னா இல்லைங்கணும். எங்க போயிருக்கார்னா தெரியாதுங்கணும். மலை மேல போடிமெட்டுக்குப் போயிருக்கார்னு வாய் தவறுச்சோ, போச்சு. எந்தத் தோட்டத்துல காய் பேசுறார்னு எதுத்த கடைக்காரன் மோப்பம் பிடிச்சு, அடுத்த ஜீப்புல ஏறிப் போயி வெலையை ஏத்தி விட்ருவான். கடையில யார் காய் பிரிக்கிறாங்கன்னும் சொல்லக் கூடாது. கை தேறுன ஆளுன்னு தெரிஞ்சா நோட்டை நீட்டி இழுத்துட்டுப் போயிருவாங்க. அதனால, யாரைப் பத்தி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "அப்படி யாரும் இங்க இல்லைங்க."

இதைச் சொல்றதுக்கும் ஒரு பக்குவம் வேணும். குரல்ல கோவம் இருக்கக் கூடாது, அவசரம் இருக்கக் கூடாது. நாமதான் தப்பான நம்பருக்குப் போட்டுட்டமோன்னு கேக்குறவனுக்கே சந்தேகம் வரணும். தங்கராஜ் அண்ணே எனக்கு எதுக்க உக்காந்து வடையைப் பிச்சுக்கிட்டு இருக்கும்போதே, "தங்கராஜா? அப்படி யாரும் இங்க இல்லைங்களே"ன்னு சொல்லியிருக்கேன். வடையைக் கையில வச்சுக்கிட்டு அந்த மனுசன் ஒரு நிமிசம் கலங்கிப் போயி என்னைப் பாப்பார்.

"ஏ மாப்ளே, நீ சொல்றதைக் கேட்டா எனக்கே நான் இருக்கேனான்னு டவுட்டா இருக்குடா."

"நீங்க இல்லாம இருக்குறதுதாண்ணே யாவாரத்துக்கு நல்லது."

கடையில பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் இதைப் பழக்கி விட்டது நாந்தான். எனக்குப் பெறகும் அந்தக் கடை அதைக் காப்பாத்தியிருக்கு. பெருமைப்பட வேண்டிய விசயம். அது என் தலையிலயே விடியாம இருந்தா பெருமைப்பட்டிருப்பேன்.

3

கடை நம்பருக்குப் போட்டேன். இங்க காலை, அங்க மதியம் தாண்டியிருக்கும். ஒரு பொம்பளை எடுத்தாங்க. கணக்கு பாக்குற ஜெயந்தியாம், அதுவே பெறகுதான் தெரிஞ்சுச்சு.

"தங்கராஜ் அண்ணே இருக்காரா?"

"அப்படி யாரும் இங்க இல்லைங்களே."

"யம்மா, நான் வெளியாளு இல்ல. முருகேசன். அந்தக் கடையில வேலை பாத்தவன்."

"முருகேசன்னு யாரும் இங்க வேலை பாக்கலையேங்க."

கோவம் இல்ல, அவசரம் இல்ல. ஒரு நிமிசம் நாந்தான் வேற ஊருக்குப் போட்டுட்டேனோன்னு போனை எடுத்து நம்பரைப் பாத்தேன். அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. கடல் தாண்டி என் குரலே என்கிட்டத் திரும்பி வந்து, நான் இல்லைன்னு சொல்லிட்டு வச்சுருச்சு.

அண்ணனோட செல்லுக்கு அடிச்சேன். மலையாளத்துல ஒரு அம்மா, அவர் எல்லைக்கு வெளியில இருக்கார்னாங்க. சீசன் நேரம். போடிமெட்டுக்கு மேல காய் உலத்துற ஸ்டோர்ல இருப்பாரு, அங்க கேரளா டவர்தான் வரும், அதுவும் இஷ்டப்பட்டாத்தான் வரும். நாள் பூரா அடிச்சு, சாயங்காலம் ஒரு வழியா எடுத்தாரு.

"மாப்ளேய்! அயர்லாந்துக்காரரே! மழையா அங்க?"

"மழை கெடக்கட்டும்ணே. என்னைப் பத்திக் கடைக்கு யாராச்சும் போன் பண்ணாங்களா?"

சட்டுன்னு கொரலைத் தாழ்த்துனாரு. "ஆமா. நான் மலை ஏறுறதுக்கு முந்தி, பெங்களூர்லருந்து ஒரு புள்ள. ஜெயந்தி எங்கிட்டக் கொடுத்துச்சு. முருகேசன் எத்தனை வருசம் இருந்தார், ஏன் போனார், ஒழுக்கம் எப்படின்னு கிண்டிக் கெழங்கெடுத்துச்சு. எனக்குப் புரிஞ்சுபோச்சு, நீ எங்கயோ மாட்டிக்கிட்டேன்னு."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"உன்னைக் காட்டிக் கொடுப்பேனா? அப்படி ஒருத்தனை நான் பாத்ததே இல்லைன்னுட்டேன். விடல அந்தப் புள்ள. அப்ப ஹெச்சார் இருக்காரான்னு கேட்டுச்சு. அந்தாளும் இங்க இல்லம்மான்னு சொல்லி வச்சுட்டேன். நீ தைரியமா இரு மாப்ளே. எத்தனை தடவை கேட்டாலும் இதான் பதிலு."

இவ்வளவு பாசமா என் கழுத்தை யாருமே அறுத்ததில்ல.

மெதுவா எடுத்துச் சொன்னேன். அது போலீஸ் இல்ல, கடன்காரன் இல்ல, புதுக் கம்பெனிக்காரங்க வச்சிருக்குற ஆளுங்க, நான் அங்க வேலை பாத்தேன்னு நீங்க சொன்னாத்தான் இங்க எனக்கு வேலைன்னு. ஸ்டோர்ல அடுப்புக்கு வெறகு போடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"அடப்பாவி, இதை மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்பவே அந்தப் புள்ளைக்குப் போனைப் போட்டு ஆமான்னு சொல்லிர்றேன்."

"நீங்க போடக் கூடாதாம்ணே, மெயில் அடியில போட்டிருக்கு. அவங்கதான் போடணுமாம். செல்லுக்குப் போட மாட்டாங்க, கடை நம்பருக்குத்தான் போடுவாங்க. எப்பன்னும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப நான் கடையில உக்காந்திருக்கணும்."

சீசன்ல அவரு ஸ்டோரை விட்டு எறங்குறதுன்னா என்னன்னு போடிக்காரங்களுக்குத் தெரியும். சூடு ஒரு பிடி கூடுனாக் காயோட பச்சை போயிரும், பச்சை போனா வெலை போச்சு. அடுப்பை அவரு யாருகிட்டயும் விடவே மாட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும், வேணாம்ணேன்னு ஒரு வார்த்தை என் வாயிலருந்து வரல. பயம் வந்தா மனுசன் எவ்வளவு நாகரிகமா இருப்பான்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு.

4

சரிபாக்குற கம்பெனிக்கு மெயில் போட்டேன். இன்னொரு தடவை கூப்புடுவோம், அப்பவும் பதில் மாறாட்டி ஃபைலை மூடிருவோம்னு பதில் வந்துச்சு. சம்பளச் சீட்டு இருந்தா அனுப்புங்கன்னும் போட்டிருந்துச்சு. போடியில சம்பளம்னா, சனிக்கிழமை சாயங்காலம் நோட்டைச் சுருட்டிக் கையில வச்சுவிடுவாரு அண்ணே. அந்தச் சுருட்டலுக்குச் சீட்டு ஏது?

புதுக் கம்பெனியில என்னைப் பாத்துக்குற அம்மா பேரு நோரா. அவங்களுக்குப் போன் பண்ணேன். "கிராண்ட், எல்லாம் கிராண்டா முடியும்"னாங்க. நம்மூர்ல கிராண்டுன்னா கல்யாணம், பந்தி, பேண்டு வாத்தியம். இங்க கிராண்டுன்னா சும்மா பரவால்லைங்கறதுதான், எல்லாமே கிராண்ட். பல்லு பிடுங்கினாலும் கிராண்ட். வந்த புதுசுல நான் ஏமாந்து, எங்க போனாலும் விருந்து இருக்கும்னு நெனச்சிருக்கேன். இப்ப அந்த வார்த்தையக் கேட்டா, எதைப் பிடுங்கப் போறாங்கன்னுதான் பாக்குறேன்.

பழைய கம்பெனியில நோட்டீசு முடிஞ்சு கடைசி நாள் வந்துருச்சு. கேக் வெட்டுனாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தாங்க. "புது வேலையில கலக்குங்க முரு!" எனக்கு இங்க முழுப் பேரு கெடையாது. நானும் சிரிச்சேன். என்னால சிரிக்காம இருக்க முடியாது, பொழைப்பே அதான். எல்லாரும் தோள்ல தட்டி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாங்க. வெளிய வந்து கார்ல உக்காந்தேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு கொஞ்ச நேரம் ஞாபகம் வரல.

என் வீட்டுக்காரி செல்வி எதையும் கேக்கல. கேக்காததுதான் பயமா இருந்துச்சு. சனிக்கிழமை தமிழ்க் கடைக்குப் போனோம். எப்பவும் பெரிய அரிசி மூட்டையத்தான் எடுப்போம், நாந்தான் தோள்ல தூக்கி, "லோடு எறக்க ஆள் வேணுமா"ன்னு கேலி பேசுவேன். அன்னைக்கு அவ பெரிய மூட்டை மேல கையை வச்சா. கொஞ்ச நேரம் நின்னா. கையை எடுத்துட்டு, கீழ் தட்டுலருந்து சின்னப் பையைத் தூக்கித் தள்ளுவண்டியில போட்டா.

"என்ன, விருந்தாளி யாரும் வரலியா?"ன்னேன்.

"தீந்துச்சுன்னா வாங்கிக்கலாம்"னா. என் மூஞ்சியப் பாக்கல.

அந்தச் சின்னப் பையை ஒரு கையில தூக்கிட்டு வந்தேன். அவ்வளவு கனமா எந்த மூட்டையையும் தூக்குனதில்ல.

பொண்ணு யாழினிக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவ எங்ககூடப் பேசுறதே கொறஞ்சு போச்சு. ரூம்ல இருப்பா, காதுல ஒண்ணை மாட்டியிருப்பா. தமிழ் வரும், ஆனா மழைத் தண்ணி பட்ட முறுக்கு மாதிரி வரும். அன்னைக்குச் சாப்புட உக்காந்தப்ப அவளே கேட்டா.

"அப்பா, அவங்க ஏன் யெஸ்னு சொல்லல? நீங்க அங்க வொர்க் பண்ணீங்கதானே?"

போன் மொறையை அவளுக்கு வெளக்குனேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கல.

"ஸோ, உங்க வேலையே பொய் சொல்றதா?"

"பொய்னு சொல்லாத. காப்பாத்துறது. தெரியாதவன் கேட்டா நம்மாளைக் காட்டிக் கொடுக்கக் கூடாது."

"ஸோ, அவங்க உங்களைக் காப்பாத்துறாங்க. அதான் நமக்குப் பிராப்ளம்."

செல்விகூடச் சிரிச்சுட்டா. யாழினி சிரிச்சுக்கிட்டே கேட்டா, "போடிக்குப் போனா நான் எந்த கிளாஸ்ல சேருவேன்?" அவ தட்டை எடுத்துக் கழுவி வச்சுட்டு ரூமுக்குப் போயிட்டா. தட்டைக் கழுவச் சொல்லி இத்தன வருசம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், அன்னைக்குக் கழுவாம இருந்திருக்கலாம்னு இருந்துச்சு.

5

தங்கராஜ் அண்ணே மலையிலருந்து எறங்கிக் கடையில போன் பக்கத்துல உக்காந்துட்டாரு. மொத நாள் அந்தப் போன் வரல. மறுநாளும் வரல. தெனம் எனக்குப் பேசுவாரு. "அந்தப் புள்ள கூப்புடலையே மாப்ளே"ன்னு, பொண்ணு பாக்க வர்றேன்னு சொன்னவங்க வராத மாதிரி வருத்தப்படுவாரு. அதுக்கடுத்த நாள் மதியம் அவரு கூப்ட்டப்பவே குரல்ல தெரிஞ்சுச்சு.

"பேசியாச்சு மாப்ளே! ஜெயந்தி பழக்கதோசத்துல யாரும் இல்லைன்னு ஆரம்பிச்சுருச்சு. ஓடிப்போயிப் பிடுங்கிட்டேன்."

"என்னண்ணே கேட்டாங்க?"

"இரு, மொதல்ல நான் கேட்டேன். நீ எந்தக் கம்பெனிம்மா, உனக்கு மேல யாரு, நீ அங்கதான் வேலை பாக்குறேன்னு நான் எப்படி நம்புறதுன்னு. யாவாரம்னா யாவாரம். அவங்க மேனேசரை லைன்ல வரச் சொல்லி, அந்தாளு ஆமான்னு சொன்ன பெறகுதான் வாயத் தொறந்தேன்."

"சரிபாக்க வந்தவங்களையே சரிபாத்தீங்களா?"

"பின்ன? கண்டவங்ககிட்டயும் உன் வெவரத்தைக் கொடுக்க முடியுமா? பெறகு எல்லாம் சொன்னேன். காய் பாக்குறதுல சூரன்னேன். கடைசியா ஒண்ணு கேட்டுச்சு, திரும்ப வந்தா வேலைக்கு வச்சுக்குவீங்களான்னு. நாளைக்கே வரச் சொல்லும்மான்னுட்டேன்."

"நாளைக்கேவா சொன்னீங்க?"

"ஆமா, ஏன்? வர மாட்டியா?"

அனுப்பிச்சு விட்ருவாங்களோன்னு நான் பயந்துக்கிட்டுக் கெடக்குறது எந்த ஊருக்கோ, அந்த ஊர்லருந்து ஒரு மனுசன், எதையும் சரிபாக்காம, வாடான்னு கூப்புடுறாரு. அதைக் கேட்டுச் சந்தோசம்தான் வரணும். எனக்கு வேர்த்துச்சு. நாளைக்கே வரச் சொன்னார்னு அவங்க எழுதி, அதை இங்க எவனாச்சும் படிச்சு, சரி போகட்டும்னு சொல்லிட்டா?

"ஸ்டோர்ல எல்லாம் நல்லாருக்காண்ணே?"ன்னு பேச்சை மாத்துனேன்.

"ஒரு லோடு வெளுத்துருச்சு. விடு, அது கெடக்கு. வேலை கெடச்சதும் வெரசாப் போன் பண்ணு."

அதுக்கப்புறமும் பதில் வரல. மெயில்ல "பரிசீலனையில் உள்ளது"ன்னே நின்னுச்சு. நோரா போன்ல சிக்கல. வாசல்ல தபால்காரர் பூட்ஸ் சத்தம் கேட்டாலே நானும் செல்வியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம். எனக்கு ஜோக்கும் வரல. வந்த ஒண்ணு ரெண்டும் நமுத்துப்போயி வந்துச்சு.

ஒரு நாள் பள்ளிக்கூடம் லீவு. பின்பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். இந்த ஊர்ல துணி காயப் போடுறதுங்கறது ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். உள்ள வந்தா, யாழினி என் போனைக் கையில வச்சுக்கிட்டு அடுப்படியில நிக்கிறா. மூஞ்சி வெளிறிப்போயி இருந்துச்சு.

"யாரு?"

"தெரியல. புது நம்பர். ஒரு லேடி. உங்க பேரைத் தப்புத் தப்பாச் சொன்னாங்க. இவர் இந்த அட்ரஸ்ல இருக்காரான்னு கேட்டாங்க. பெர்மிட்னு ஏதோ சொன்னாங்கப்பா."

"நீ என்ன சொன்ன?"

அவ என்னை நேராப் பாத்தா. "அப்படி யாரும் இங்க இல்லைன்னுட்டேன்."

கத்தத்தான் வாயத் தொறந்தேன். அப்பதான் பாத்தேன், போனை ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தா. காதுல மாட்டிக்கிட்டு ரூம்ல இருந்த புள்ள, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. எங்க கூடவே, ஆனா தனியாப் பயந்துக்கிட்டு இருந்திருக்கா.

"யாருன்னே தெரியாம உங்களை எப்படிப்பா கொடுக்குறது?"ன்னா.

போனை மெதுவா வாங்கிக்கிட்டேன். இன்னொரு கையால அவ தலையப் பிடிச்சு என் தோள்ல சாச்சுக்கிட்டேன். சின்னப் புள்ளையில பண்ணது. விலகல. அப்படியே நின்னுக்கிட்டு அந்த நம்பருக்கு அடிச்சேன்.

நோராதான். வேற போன்லருந்து கூப்ட்டிருக்காங்க. கொழம்பிப் போயிருந்தாங்க. "எல்லாம் சரியா முடிஞ்சுருச்சு, பெர்மிட்டுப் பேப்பரை வீட்டுக்கு அனுப்பலாம்னு கூப்ட்டேன். ஆனா ஒரு பொண்ணு எடுத்து, அந்தப் பேர்ல யாருமே அங்க இல்லைன்னு சொல்லிருச்சு. எங்ககிட்ட இருக்குறது சரியான நம்பர்தானா? அப்படி ஒருத்தர் அங்க இருக்காரா?"

யாழினி தலையத் தோள்ல இன்னும் இறுக்கிக்கிட்டேன்.

"இருக்காருங்க. அப்படி ஒருத்தர் இங்க இருக்காரு."